குறிப்பும் பெயரும்: கோப்புக் குறிப்புகளில் எழுதினோர் பெயர் பதியும் முறை பற்றிய ஓர் ஆய்வு

1. ஆராயப்புகும் பொருள்

ஒரு நூலைப் படிப்பவர் அதன் மருங்கில் எழுதும் குறிப்பும் ஓர் ஆக்கமே. அளவாற் சிறிதாயினும் அதற்கும் ஆசிரியர் உண்டு. பாடம் ஒன்றனைக் கொள்க என்றோ விடுக என்றோ இருசொல்லில் எழுதப்படும் குறிப்பும் ஒருவருடைய கல்வியிலிருந்தும் துணிவிலிருந்தும் பிறப்பது. ஆதலின், குறிப்பை மதிப்பிடுவோர் 'இது யார் கூற்று?' என்று வினவுதல் இயல்பு. தமிழ் உரைமரபை ஆராய்ந்தோர் இவ்வினாவைப் பல்லாற்றானும் எழுப்பியுள்ளனர். அவற்றுட் சிலவற்றிற்கு இன்றளவும் விடை கிடைத்திலது.

இக்காலத்தே ஆய்வேடுகளும் பதிப்பு மூலங்களும் பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்புகளாகவே கைமாறுகின்றன. நெறியாளரும் மதிப்பீட்டாளரும் உடன்பதிப்பாசிரியரும் தத்தம் குறிப்புகளைக் கோப்பின்மேலேயே எழுதுகின்றனர். எழுதினோர் பெயரைக் கணினியே பதிந்துகொள்கின்றது. பதியாதவிடத்து, ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல் ஒன்றனை எழுதிப் பதியச் செய்கின்றனர். இம்முறை உழைப்பைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயின், இவ்வாறு பதியப்படும் பெயர் யாருடைய பெயர், அதனை எத்துணை நம்பலாம் என்னும் வினாக்கள் நம் துறையில் இன்னும் உரியவாறு ஆராயப்படவில்லை. கணினி வல்லார் இதனைச் செய்முறை வினாவாகவே காண்பர். யாம் இதனை மூலபாடத் திறனாய்வைச் சார்ந்த வினாவாகக் கருதுகின்றோம். அக்கருத்தை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இருவகை இழப்பு

பெயர்க்கும் குறிப்புக்கும் உள்ள தொடர்பு அறுந்தால் யாது நேரும் என்பதை நம் மரபே காட்டும். அவ்விழப்பு இருவகைப்படும்.

பெயர் நின்று உரை மறைதல் முதல் வகை. திருக்குறளுக்கு உரைசெய்தார் பதின்மர் எனத் தனிப்பாடல் ஒன்று தொகுத்துரைக்கின்றது. அவருள் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகள் கிடைத்துள்ளன. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் ஆகிய ஐவர்க்குப் பெயர் மட்டும் எஞ்சியது. குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரைப்பகுதிகளும் இவ்வாறே மறைந்தன.

உரை நின்று பெயர் மறைதல் இரண்டாம் வகை. புறநானூற்றின் 266 பாடல்கள் வரை உள்ள பழைய உரை இவ்வகையினது. பதிற்றுப்பத்தின் பழைய உரையும் அத்தகையதே. சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார்க்கு முன்னே அரும்பதவுரை எழுதியவர் யாரெனத் தெரிந்திலது. ஆதலின் அவரை 'அரும்பதவுரையாசிரியர்' என்றே வழங்குகின்றோம். செய்த தொழிலே செய்தவர்க்குப் பெயராயிற்று.

இவ்விரண்டனுள் பின்னது ஒருவகையில் ஆறுதல் தருவது. உரையேனும் நம் கையில் உள்ளதன்றோ? மேலும், பெயரில்லாமை தன்னை மறைத்துக்கொள்வதில்லை. புறநானூற்றின் பழைய உரையைக் காணும் மாணவர் எவரும், 'இதனை எழுதியவர் யார்?' என்று வினவாமல் அப்பால் செல்லார். வெற்றிடம் வினாவை எழுப்புகின்றது. இவ்விரண்டினும் ஆராய்ச்சிக்கு மிக்க இடர் செய்வது மூன்றாவதொன்று. அது பெயர் மாறி நிற்றல்.

3. மாறி நின்ற பெயர்

சி. வை. தாமோதரம் பிள்ளை 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றினார். அழிவின் விளிம்பில் நின்ற நூலை மீட்ட அப்பதிப்பின் பெருமை என்றும் குறையாதது. அதன்கண் ஒன்பது இயல்களின் உரையும் நச்சினார்க்கினியர் உரையாகவே வெளிவந்தது. முன் ஐந்து இயல்களின் உரையே நச்சினார்க்கினியருடையது. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின் நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது. இதனை இரா. இராகவையங்கார் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் செந்தமிழ் இதழ்வழி பின்னர் நிறுவினார். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை தனியே கிடைத்து அச்சேறியதும் இம்முடிபை அரண் செய்தது. தாமோதரம் பிள்ளை 1901-இல் மறைந்தார். பதினைந்து ஆண்டுகட்கு மேலாகத் தமிழுலகம் ஓர் உரையை மற்றோர் ஆசிரியர் பெயரால் படித்து வந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து மூன்று செய்திகள் புலனாகின்றன. ஏடுகள் தம்முள் உரையாசிரியர் பெயரை இயல்தோறும் தாங்கி நிற்கவில்லை என்பது ஒன்று. ஒரு பகுதிக்கு உரிய பெயர் அதனோடு தொடர்ந்து வரும் பிற பகுதிகளுக்கும் தானே பரவிற்று என்பது மற்றொன்று. பெயர் ஒன்று இருந்தமையால் நெடுநாள் ஐயம் எழவில்லை என்பது மூன்றாவது. பெயரின்மை ஆராய்ச்சியைத் தூண்டும். பிழைப்பெயர் ஆராய்ச்சியை உறங்கச் செய்யும். கோப்புக் குறிப்புகளை ஆராயுங்கால் இம்மூன்றனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஏனெனில், கணினி வெற்றிடத்தை விரும்புவதில்லை. ஏதேனும் ஒரு பெயரை அங்கே இட்டுவிடுகின்றது.

4. கணினி பெயர் பதியுமாறு

பி.டி.எஃப். என்னும் கோப்பு வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. 2008-இல் அது ஐ.எஸ்.ஓ. 32000 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. அதன் இரண்டாம் பகுதி 2017-இல் வெளிவந்து 2020-இல் திருத்தம் பெற்றது. இத்தரநூலின்படி, பக்கத்தின்மேல் எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பும் தனித்த ஓர் உறுப்பு. குறிப்பின் வாசகம், இடம், எழுதிய நாள், திருத்திய நாள், எக்குறிப்புக்கு மறுமொழி என்னும் செய்தி ஆகியவற்றிற்கு அதன்கண் தனித்தனிப் புலங்கள் உண்டு. எழுதியவர் பெயர்க்கு உரிய புலம் 'டி' என்னும் ஓரெழுத்தால் குறிக்கப்படும்.

இப்புலத்தின் இயல்புகளைத் திறனாய்வாளர் அறிந்திருத்தல் நன்று. முதலாவது, அஃது இருந்தே தீரவேண்டிய புலம் அன்று. இன்றியும் குறிப்பு அமையும். இரண்டாவது, அஃது ஒரு வெறுஞ்சொற்றொடர். அங்கு எதனை எழுதினும் கோப்பு ஏற்றுக்கொள்ளும். எழுதியவர் அவரே என்பதற்கு அப்புலம் யாதொரு சான்றும் தாங்குவதில்லை. மூன்றாவது, திருத்திய நாளுக்கு இடமுண்டேயன்றித் திருத்தியவர் பெயர்க்குத் தனியிடம் இல்லை. ஆகவே ஒருவர் எழுதிய குறிப்பின் வாசகத்தை மற்றொருவர் மாற்றியபின்னும் முன்னவர் பெயரே அதன் தலைமேல் நிற்றல் கூடும். இடைச்செருகல் என்று நாம் பழநூல்களிற் கூறுவது இங்கே ஒரு நொடியில் நிகழ்கின்றது.

இனி, அப்பெயர் எங்கிருந்து வருகின்றது? அக்ரோபாட் மென்பொருளில் கணினியின் நுழைவுப் பெயரையே குறிப்பாளர் பெயராகக் கொள்ளும் அமைப்பு ஒன்றுண்டு. அதனை நீக்கினால் விரும்பிய பெயரைக் குறிப்பின் பண்புகளில் எழுதலாம். நுழைவுப் பெயர் என்பது கணினியை முதலில் அமைத்தவர் அதற்கு இட்ட பெயர். அது கணினியை விற்றவர் இட்டதாகவும் இருக்கலாம். முன்பு அவ்விருக்கையில் இருந்தவருடையதாகவும் இருக்கலாம். ஏட்டின் இறுதியில், ஏடெழுதியவர் தம் பெயரையும் ஆண்டு திங்கள் நாளையும் ஏட்டுக்கு உரியவர் பெயரையும் எழுதிவைத்தல் பண்டை வழக்கம். அப்பெயரை நூலாசிரியர் பெயராக மயங்கும் தமிழறிஞர் இலர். கணினி பதியும் பெயரோ ஏட்டுக்கு உரியவர் பெயரேயாயினும், 'ஆசிரியர்' என்னும் தலைப்பின்கீழ் நம்முன் வந்து நிற்கின்றது. மயக்கத்திற்குக் காரணம் இத்தலைப்பே.

5. நிரலின் ஆற்றலும் எல்லையும்

நிரல்கொண்டு பெயர் பதிதல் இருநிலையில் நிகழும். அவ்விரண்டனையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

குறிப்பு எழுதப்படும்பொழுதே பெயர் பதிதல் முதல் நிலை. அக்ரோபாட்டில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதும் நிரல்கள் இயங்கும். பயனரின் நுழைவுப் பெயர், அவர் தாமே பதிந்துவைத்த முழுப்பெயர், நிறுவனம், மின்னஞ்சல் ஆகியவற்றைத் தரும் உறுப்பு ஒன்றனை அம்மொழி உடையது. கோப்பினுள் புதைந்து வரும் நிரல் பொதுவாக அவ்வுறுப்பைத் தொட இயலாது; பயனரின் கணினியில் உரிய கோப்புறையில் வைக்கப்பட்டு நம்பிக்கை பெற்ற நிரல் தொட இயலும். பிறர் அனுப்பிய கோப்பு நம் பெயரை நம் அறிவின்றிக் கவர்தலாகாது என்பதே இத்தடையின் கருத்து. நாளும் பெயரும் தாமே எழும் முத்திரைகளும் இம்முறையாலேயே இயங்குகின்றன. முத்திரை இடப்பட்டவுடன் பெயர் முத்திரையின் உருவோடு ஒன்றிவிடுகின்றது.

குறிப்புகள் பலவும் எழுதப்பட்ட பின்னர் அவற்றிற்கு ஒருசேரப் பெயர் பதிதல் இரண்டாம் நிலை. இந்நிலையில் நிரலின் வேலை மிக எளிது. கோப்பிலுள்ள குறிப்புகளையெல்லாம் திரட்டும். ஒவ்வொன்றன் பெயர்ப்புலத்தையும் அணுகும். தனக்குச் சொல்லப்பட்ட பெயரை அங்கே எழுதும். பெயர்ப்புலம் படிக்கவும் எழுதவும் திறந்துள்ளமையால் இது கூடுகின்றது. ஆயின், வெற்றிடத்தை நிரப்பும் அதே நிரல், முன்னே நின்ற பெயரை அழித்தும் எழுதவல்லது. அழிக்கப்பட்ட பெயர் யாதென்பதற்கு அப்புலத்தில் சுவடு எஞ்சாது. முதல் நிலையில் பெயர் எழுதுபவர் குறிப்பாளரே. இரண்டாம் நிலையில் பெயர் எழுதுபவர் தொகுப்பாளர். இவ்வேறுபாடு நம் தொகை நூல்களைப் பயில்வார்க்குப் புதிதன்று.

சங்கத் தொகைகளில் பாடினோர் பெயர் காணப்பெறாத பாடல்கள் உள. இயற்பெயர் தெரியாத சிலர்க்கு அவர்தம் பாடலிலுள்ள சிறந்த தொடரே பெயராக அமைந்தது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அத்தகையன. இவை பிறர் இட்ட பெயர்கள் என்பதை இப்பெயர்களே உரக்கச் சொல்லுகின்றன. தந்தையும் தாயும் ஒருவர்க்குத் தேய்புரிப் பழங்கயிறு என்று பெயரிட்டிரார் என்பதைக் கற்போர் உடனே உணர்வர். எனவே இது நேர்மையான குறியீடு. அறியாமையை மறைக்காமல், பாடலோடு பிரியாத ஓர் அடையாளத்தையும் தருகின்றது. பின்னர்ப் பதிந்த பெயரை முன்னரே இருந்த பெயர் போலக் காட்டும் நிரல் இந்நேர்மையை உடையதன்று. தொகுப்பாளர் பெயரிடுதல் குற்றமன்று. தாம் இட்டமை தோன்றாவாறு இடுதலே குற்றம்.

6. பதவியே பெயராதல்

துறைக் கணினிகளில் 'பேராசிரியர்', 'துறைத்தலைவர்', 'அலுவலகம்' என்னும் பெயர்களே நுழைவுப் பெயராக அமைதல் பெருவழக்கு. இதனாலாவது யாதெனின், துறைத்தலைவர் மாறுவர்; கணக்கின் பெயர் மாறாது. பத்தாண்டு கழித்து அவ்வாய்வேட்டின் கோப்பைத் திறப்பவர், ஒரே 'துறைத்தலைவர்' இரு பக்கங்களில் இருவேறு கொள்கை உடையவராய் இருத்தலைக் கண்டு மயங்குவர்.

இதுவும் நம் மரபில் நேர்ந்ததே. இளம்பூரணரைப் பின்னோர் 'உரையாசிரியர்' என்றே சுட்டினர். அக்காலத்தில் அச்சொல் ஒருவரையே குறித்தமையால் இடரில்லை. 'பேராசிரியர்' என்னும் பெயரோ தொல்காப்பிய உரையாளர்க்கும் திருக்கோவையார் உரையாளர்க்கும் வழங்குகின்றது; இருவரும் ஒருவரோ வேறோ என்று அறிஞர் ஆராய வேண்டியதாயிற்று. இயற்பெயரே ஆயினும் அது மட்டும் போதாது என்பதற்கு ஔவையார் சான்று. சங்கப் பாடல்களிலும் ஆத்திசூடியிலும் அப்பெயர் நிற்றல் கொண்டு, வெவ்வேறு காலத்துப் புலவர் ஒருவராக எண்ணப்பட்டமையை இலக்கிய வரலாறு பயில்வார் அறிவர். பண்டையோர் இவ்விடரை அறிந்தே ஊரும் தொழிலும் தந்தை பெயரும் சேர்த்து வழங்கினர். மதுரை அளக்கர் ஞாழார் மகனார் மள்ளனார் என்னும் பெயரில் ஊர், தந்தை, மகன் என்னும் மூன்று குறிகளும் உள்ளன. இன்றைய பெயர்ப்புலத்தில் இத்துணை நீண்ட பெயரை எழுதவும் தடையில்லை. எழுதும் வழக்கமே இல்லை.

தமிழ்ப்பெயர்களுக்கு மற்றோர் இடரும் உண்டு. தலைப்பெழுத்தை முன்னே இடுவோரும் பின்னே இடுவோரும் உளர். தமிழெழுத்தில் இடுவோரும் உரோமன் எழுத்தில் இடுவோரும் உளர். நிரல் எழுத்தெழுத்தாக ஒப்பிடுமேயன்றி ஆளை அறியாது. எனவே ஒருவரே மூவராக எண்ணப்படுவர். பெயர்ப்புலம் ஒருங்குறி எழுத்தை ஏற்பது. ஆயினும் பழைய எழுத்துருக் குறியேற்றங்களில் எழுதப்பட்ட பெயர்கள் இன்றைய திரையிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றைப் பெயரில்லாதவை எனக் கொண்டு நிரல் அழித்துவிடலாகாது. உரிய குறியேற்றம் அறிந்து மாற்றிப் படித்தல் வேண்டும்.

7. பெயர் மறைத்தல் பற்றிய தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழும். 'கருத்தே ஆராயத்தக்கது, கருத்தைச் சொன்னவர் யாராயினும் ஆகுக. பரிமேலழகர் பிறர் உரையை மறுக்குங்கால் பெயர் சுட்டாமல், அவ்வாறு உரைப்பாரும் உளர் என்றே கூறிச் செல்கின்றாரன்றோ? மதிப்பீட்டாளர் பெயரை மறைத்தலும் பல்கலைக்கழக நெறியன்றோ?' என்பது அத்தடை.

தடையின் முதற்பகுதிக்கு விடை எளிது. பரிமேலழகர் மறைத்தது பிறர் பெயரை. தம் உரைக்குத் தம் பெயரை மறைத்தாரல்லர். தம் கூற்றுக்குத் தாம் பொறுப்பேற்றமையாலேயே, பிறர் கூற்றைப் பெயர் சுட்டாது மறுக்கும் உரிமை அவர்க்கு அமைந்தது. அவ்வாறு சுட்டாது விட்டமையால் பின்வந்த ஆராய்ச்சியாளர்க்கு ஓர் உழைப்பும் சேர்ந்தது. மணக்குடவர் முதலியோர் உரைகள் கிடைத்த பின்னரே மறுக்கப்பட்ட கருத்துகளுட் பலவற்றை உரியவரோடு பொருத்திக் காண முடிந்தது. அவ்வுரைகளும் மறைந்திருப்பின், மறுப்பு நிற்க, மறுக்கப்பட்டவர் என்றும் அறியப்படாதவரே ஆவர்.

இரண்டாம் பகுதி ஆழ்ந்து நோக்கற்பாலது. மதிப்பீட்டாளர் பெயர் மறைக்கப்படுதல் வேண்டும் என்பதை யாம் மறுக்கவில்லை. அதனால் அஞ்சாது மதிப்பிடல் இயலும். ஆயின் பெயரை மறைத்தல் வேறு, வேறுபாட்டை அழித்தல் வேறு. வேர்டு மென்பொருளில் கோப்பிலுள்ள தனிச்செய்திகளை நீக்கும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்தினால் குறிப்பாளர் அனைவர் பெயரும் 'ஆசிரியர்' என்னும் பொருள்படும் ஒரே சொல்லாகிவிடும். ஒரு பாடத்தைக் கொள்க என்று ஒருவரும், அதனையே விடுக என்று மற்றொருவரும் எழுதியிருப்பாராயின், நீக்கியபின் அவ்விரு குறிப்பும் ஒருவர் கூற்றாகவே தோன்றும். இருவர்க்கிடையே நிகழ்ந்த வாதம் ஒருவர்தம் முரண்பாடாய்ச் சுருங்கிவிடுகின்றது. ஆய்வு மாணவர் எதனைப் பின்பற்றுவார்? இரண்டனுள் எளியதைக் கொள்வார். அல்லது இரண்டனையும் விடுவார். எவ்வாறாயினும், அறிஞர் இருவர் உழைப்பு வீணாயிற்று.

மதிப்பீட்டாளர் ஒன்று, மதிப்பீட்டாளர் இரண்டு என நிலைத்த குறியீடுகளை இடின் இவ்விடர் இல்லை. ஆளை மறைத்தும் குரலைக் காத்தும் நிற்கும் இக்குறியீடுகள் செம்புலப்பெயனீரார் என்பது போன்றவையே. நிரலால் மிக நன்றாகச் செய்யத்தகும் பணியும் இதுவே ஆகும்.

8. பிற தரநூல்கள் காட்டும் நெறி

ஆசிரியர் பெயரையும் ஏடெழுதியவர் பெயரையும் வேறுபிரித்தல் வேண்டும் என்னும் எண்ணம் கணினித் துறைக்கும் புறம்பானதன்று. டபிள்யூ3சி என்னும் வலைத்தர அமைப்பு 2017-இல் வெளியிட்ட குறிப்புத் தரநூலில், குறிப்பை ஆக்கியவர்க்கு ஒரு புலமும், அதனைக் கோப்புருவில் ஆக்கித்தந்த மென்பொருளுக்கு மற்றொரு புலமும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. உரையாசிரியர் வேறு, ஏடெழுதுவோர் வேறு என்னும் நம் பாகுபாடே அங்கும் காணப்படுகின்றது.

மூலபாடப் பதிப்புக்கு உலகெங்கும் வழங்கும் டி.இ.ஐ. நெறிமுறை இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. ஒரு குறிப்புக்கோ திருத்தத்திற்கோ யார் பொறுப்பு என்பதைச் சுட்ட ஒரு பண்பும், அத்துணிபு எத்துணை உறுதியுடையது என்பதைச் சுட்ட மற்றொரு பண்பும் அதன்கண் உண்டு. உறுதி மிகுதி, இடைத்தரம், குறைவு, தெரியாது என அளவிட்டுச் சொல்லலாம். பின் நான்கு இயல்களின் உரைக்கு இத்தகைய குறி ஒன்று அந்நாளில் இடப்பட்டிருக்குமாயின், ஐயம் முதற்பக்கத்திலேயே தோன்றியிருக்கும். பெயரோடு உறுதியின் அளவையும் பதிதல் நம் பதிப்பாசிரியர்க்கு மிக இன்றியமையாதது.

மின்னொப்பம் இட்டால் எல்லா ஐயமும் தீரும் என்பாரும் உளர். ஒப்பம் இட்டபின் கோப்பில் நேரும் மாற்றத்தை அது வெளிப்படுத்தும் என்பது உண்மை. ஆயின் ஒப்பமிட்டவர் கோப்பு முழுமைக்கும் அந்நேரத்தில் சான்று கூறுகின்றாரேயன்றி, அதனுள் முன்னரே இருந்த ஒவ்வொரு குறிப்பையும் எழுதியவர் இன்னார் எனச் சான்று கூறுகின்றாரல்லர். பிழைப்பெயரோடு நிற்கும் குறிப்பின்மேல் ஒப்பமிட்டால் பிழையே உறுதி பெறும்.

9. துறைகள் மேற்கொள்ளத்தக்கன

மேற்கூறியவற்றால் ஐந்து நெறிகளை முன்மொழிகின்றோம்.

முதலாவது, குறிப்பு எழுதத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் முழுப்பெயரைத் தமிழெழுத்தில் ஒரே வடிவில் மென்பொருளில் பதிந்து, நுழைவுப் பெயரைக் கொள்ளும் அமைப்பை நீக்குதல் வேண்டும். பொதுக் கணினியாயின் இது தவிர்க்கலாகாதது.

இரண்டாவது, பதவிப்பெயரைத் தனித்து வழங்கலாகாது. இயற்பெயரோடு சேர்த்து வழங்கலாம்.

மூன்றாவது, பின்னர்ப் பெயர் பதியும் நிரல் வெற்றிடங்களை மட்டுமே நிரப்புதல் வேண்டும். முன்னுள்ள பெயரை மாற்ற நேரின், பழைய பெயரையும் மாற்றியவர் பெயரையும் நாளையும் தனிப்பட்டியலில் எழுதிவைத்தல் வேண்டும். நிரலை இயக்குமுன் மூலக்கோப்பின் படி ஒன்றைத் தொடாது காத்தல் அதனினும் நன்று.

நான்காவது, ஊகித்து இட்ட பெயரை ஊகம் என்றே காட்டுதல் வேண்டும். பெயர்க்குப் பின் ஓர் ஐயக்குறி இடுதலும் போதும்.

ஐந்தாவது, ஆய்வேடு ஏற்கப்பட்டபின் குறிப்புகளைப் பக்கத்தோடு ஒன்றச்செய்து சேமிக்குங்கால் பெயர்ப்புலங்கள் மறைந்துபோகும். சுவடிகளில் முதலேடும் இறுதியேடுமே முன்னர்ச் சிதைவன. பெயரும் நாளும் அவற்றோடு ஒழியும். அந்நிலை நேராவண்ணம், குறிப்பு, எழுதினோர், நாள் ஆகியவற்றின் அட்டவணை ஒன்றை நிரல்கொண்டே எடுத்துக் கோப்போடு சேர்த்து வைத்தல் வேண்டும்.

இவற்றால் வேலை பெருகும் என்று சிலர் கூறலாம். முதல் நெறிக்கு வேண்டுவது சில நிமிடமே. மூன்றாவதும் ஐந்தாவதும் நிரலே செய்யும் வேலை. நான்காவதற்கு வேண்டுவது நேர்மை ஒன்றே.

10. முடிபு

கோப்புக் குறிப்பின் தலையில் நிற்கும் பெயர், ஏட்டின் இறுதியில் நிற்கும் பெயரைப் போன்றே ஆராய்ந்து கொள்ளத்தக்க சான்றாகும்; ஆராயாது கொள்ளத்தக்க முடிபு அன்று. அது குறிப்பாளரால் எழுதப்பட்டதா, கணினியால் இடப்பட்டதா, தொகுப்பாளரால் பின்னர்ச் சேர்க்கப்பட்டதா என மூவகையாக வினவுதல் வேண்டும். நிரல் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அதற்குச் சொல்லப்பட்ட பெயரையே அது எழுதும். சரியான பெயரைச் சொல்லுதலும், தெரியாதவிடத்துத் தெரியாது என்று எழுதச் செய்தலும் நம் கடமை.

முன்னோர் உரைகளில் எஞ்சிய பெயர்களை மீட்க ஒரு தலைமுறை முழுதும் உழைத்தது. அவர்க்கு ஏடுகள் அரிதாயிருந்தன. நமக்குக் கோப்புகள் எண்ணிறந்தன. அவற்றைப் பிழைப்பெயரோடு விட்டுச் செல்வோமாயின், பின்வருவோர் நம் குறிப்புகளை நம்முடையன என்று அறியார். நாம் எழுதாதவற்றை நம்முடையன என்று கொள்ளவும் கூடும். துறைதோறும் இப்பொழுது கையிலுள்ள ஆய்வேட்டுக் கோப்புகளிலிருந்தே இப்பணியைத் தொடங்குதல் தகும்.